கேட்கத் தெரிகிறது, பதில்தான் வரவில்லை

வயதானவர்களுக்கு போன் பார்க்கத் தெரியாது என்று சொல்கிறவர்களை என் கடைப் பெஞ்சில் ஒரு திங்கட்கிழமை காலையில் உட்கார வைக்க வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாள் ஆசை. திருச்சி மாவட்டத்தில் ஒரு தாலுகா ஆபீசுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். போர்டில்தான் ஜெராக்ஸ். பட்டா எடுப்பது, ஈசி போட்டுப் பார்ப்பது, கரண்ட் பில் கட்டுவது, ரேஷன் கார்டில் மருமகள் பேரைச் சேர்ப்பது, பேத்திக்கு ஹால் டிக்கெட் எடுப்பது என்று நாள் முழுக்க ஓடும். அப்பா இருந்தவரை இது டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட். அந்தக் காலத்து நீள பெஞ்சுகள் இன்னும் வாசலில் கிடக்கின்றன. ஒன்றில் மனு எழுதிக் கொடுக்கும் பெரியவர். மற்றதில் காத்திருக்கும் ஜனம்.

அங்கே போன் இல்லாத கை கிடையாது. 2016 செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டா விலை சரிந்த பிறகு வந்த மாற்றம் இது. பூ கட்டும் அம்மா, சவரன் இன்றைக்கு ஏறியிருக்கிறதா இறங்கியிருக்கிறதா என்று பார்ப்பார். வாங்குவதற்கு இல்லை, மகளுக்கு அடுத்த தையில் கல்யாணம், மனசில் ஒரு கணக்கு ஓட வேண்டும். ஆடு வளர்ப்பவர், குட்டி கழிகிறது என்று எங்கோ ஒரு கால்நடை மருத்துவர் பேசிய வீடியோவைக் காதில் ஒட்டிக் கேட்டுக்கொண்டிருப்பார். டவுன் பஸ்ஸில் வருகிற பெண்கள், பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பர் அறைக்கு வெளியே தொங்கும் நேரப் பலகையைப் போட்டோ எடுத்து வைத்திருக்கிறார்கள். டைம் மாறினால் யாராவது புதுப் போட்டோ எடுத்து அனுப்புவார்கள், பழையது அழிக்கப்படும். எந்த ஆப்பும் தராத துல்லியம் அது.

திங்கட்கிழமை பத்தரைக்கு எமகண்டம் தொடங்கிவிடும். ஆபீஸ் திறப்பது பத்து மணிக்கு. நடுவில் இருக்கும் அரை மணிக்குள் மனுவை உள்ளே கொடுத்துவிட வேண்டும் என்று, போனில் காலண்டர் ஆப்பைத் திறந்து என் முகத்துக்கு நேரே நீட்டி அவசரப்படுத்துவார்கள். தவறவிட்டால் பன்னிரண்டு மணி வரை பெஞ்சில்தான். இதைப் பார்த்துச் சிரிக்கிற சின்னப் பையன்கள் உண்டு. எனக்கு இதில் சிரிக்க ஒன்றும் தெரியவில்லை. தனக்கு எது வேண்டும் என்று தெரிந்து, தேடி, எடுத்து, அதை வைத்து ஒரு முடிவும் எடுக்கிறார்கள். தகவலைப் பயன்படுத்துவது என்றால் வேறு என்ன?

தேடும் விதம் மட்டும் வேறு. இளவட்டங்கள் இரண்டு வார்த்தையைத் தங்கிலீஷில் தட்டுவார்கள். ஐம்பதைத் தாண்டியவர்கள் மைக்கை அமுக்கி, எதிரில் ஆள் நிற்பதுபோல் முழுதாகப் பேசுவார்கள். போன மாதம் ஓர் அம்மா பேசினார்: "எங்க மாமனார் இறந்து போயிட்டாரு, அவரு பேர்ல இருக்கற நெலத்த எங்க வீட்டுக்காரரு பேருக்கு மாத்தறதுக்கு என்ன பண்ணணும்?" இறந்தது யார், நிலம் யார் பேரில், இனி யார் பேருக்கு, எல்லாம் அதில் இருக்கிறது. வக்கீலிடம் போனாலும் இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை.

வந்தது என்ன? ஐந்தே நிமிடத்தில் பட்டா மாற்றம் என்று சிவப்பெழுத்தில் ஒரு வீடியோ. ஓடும் நேரம் பதினாலு நிமிடம். தொடக்கத்தில் சப்ஸ்கிரைப் பண்ணச் சொல்லிக் கெஞ்சல். மிச்சம் முழுக்க, கிரையம் வாங்கிய இடத்துக்குப் பட்டா மாற்றுவது எப்படி என்று. இந்த அம்மாவுக்கு வேண்டியது அது இல்லை. முதலில் வாரிசுச் சான்று. இ-சேவை வழியாக மனு போட்டால் தாசில்தார் கொடுப்பார். அதை வைத்து வாரிசுகள் எல்லார் பேரிலும் கூட்டுப் பட்டா. வீட்டுக்காரர் பேருக்கு மட்டும் வேண்டுமென்றால் கூடப் பிறந்தவர்கள் ரிஜிஸ்டர் ஆபீசில் விடுதலைப் பத்திரமோ பாகப்பிரிவினையோ எழுதிப் பதிய வேண்டும். வி.ஏ.ஓ.வுக்குத் தெரியும், எனக்குத் தெரியும், வாசலில் மனு எழுதும் பெரியவருக்கு மனப்பாடம். தமிழில் இவ்வளவு தெளிவாகக் கேட்டவருக்கு மட்டும் இந்த நாலு வரி போய்ச் சேரவில்லை.

ஆக, கோளாறு கேட்பவரிடம் இல்லை. பதில் சொல்ல வேண்டியவர்கள் வாயைத் திறக்காததால், பதில் சொல்லக் கூடாதவர்கள் அந்த இடத்தில் கடை போட்டுவிட்டார்கள். நான் சொல்ல வந்தது இதுதான். இனி வருவதெல்லாம் அதற்கான சாட்சி.

நல்ல தகவல் எப்படி இருக்கும் என்று கற்றுக்கொள்ள வேண்டுமானால், எங்கள் பக்கத்துச் சின்ன வெங்காயக்காரர்களின் வாட்ஸ்அப் குரூப்பைப் பார்க்க வேண்டும். பெரம்பலூர், துறையூர் சுற்றுப்பட்டில் வெங்காயத்தைப் பட்டறை போட்டு வைத்திருப்பவர்களுக்கு, எடுத்து விற்பதா இன்னும் பதினைந்து நாள் வைப்பதா என்பதுதான் தினமும் கேள்வி. விடிந்ததும் குரூப்பில் வியாபாரி ஒருவர் வாய்ஸ் போடுவார். எந்த ஊர்க் காட்டில் எடை போடுகிறார்கள், முதல் ரகம் என்ன விலை, பொடி என்ன விலை, லாரி எத்தனை மணிக்கு. அரை நிமிடம்கூட இருக்காது. குரலைக் கேட்டதுமே ஆள் யாரென்று தெரியும். பக்கத்தில் நேரம் விழுந்திருக்கும். கூட்டிச் சொல்லியோ குறைத்துச் சொல்லியோ ஏமாற்றினால் அடுத்த நாள் சந்தையில் சட்டையைப் பிடிக்கலாம். வேளாண்துறையின் உழவன் செயலி 2018இல் வந்தது. அதிலும் சந்தை விலை வருகிறது. மானியத்துக்குப் பதிவு செய்யவும் மெஷின் வாடகைக்குக் கேட்கவும் அதைப் பயன்படுத்துகிறார்கள். ஆனால் பட்டறையைப் பிரிப்பதா வேண்டாமா என்ற முடிவு மட்டும் அந்தக் குரலைக் கேட்டுத்தான். ஆள் தெரிகிறது, நேரம் தெரிகிறது, பிடிப்பதற்குச் சட்டை இருக்கிறது.

இந்த அளவுகோலை வைத்துக்கொண்டு, அரசாங்கம் சம்பந்தப்பட்ட ஒரு விஷயத்தைத் தேடிப் பாருங்கள். மார்கழி பிறந்ததும் என் கடையில் தினமும் வரும் கேள்வி, பொங்கலுக்குப் பணம் உண்டா என்பது. 2021இல் ரேஷன் கார்டுக்கு 2,500 ரூபாய் கொடுத்தார்கள். 2022இல் பணம் கிடையாது, 21 பொருள் போட்ட பை. 2023லும் 2024லும் ஆயிரம். 2025இல் பச்சரிசி, சர்க்கரை, முழுக்கரும்பு, ரொக்கம் இல்லை. இப்படி வருஷத்துக்கு வருஷம் மாறுகிற விஷயத்தில், அந்தந்த வருஷத்து வீடியோக்கள் எல்லாம் ஒன்றாக எழுந்து வந்து நிற்கும். "ரேஷன் அட்டைதாரர்களுக்கு இனிப்பான செய்தி" என்று எல்லாவற்றுக்கும் ஒரே தலைப்பு. எது எந்தப் பொங்கலுக்கு என்று எவரும் சொல்வதில்லை. ஐப்பசி, கார்த்திகையில் இதே கூத்து பள்ளி விடுமுறைக்கு நடக்கும். விடியற்காலை ஐந்து மணிக்கு, மழை கொட்டிக்கொண்டிருக்கும்போது, "மாவட்டத்தில் பள்ளிகளுக்கு இன்று விடுமுறை" என்று ஒரு டிவி கார்டு வாட்ஸ்அப்பில் வரும். எந்த 'இன்று'? போன வருஷத்து இன்றா, அதற்கு முந்தின வருஷத்து இன்றா? பிள்ளையை எழுப்புவதா தூங்க விடுவதா என்று ஒரு தாய் அந்த நேரத்தில் என்ன ஆராய்ச்சி பண்ண முடியும்?

ஆனாலும் ஆராய்கிறார்கள். அதுதான் எனக்கு ஆச்சரியம். பலமுறை கைமாறி வந்த செய்திக்கு வாட்ஸ்அப் இரட்டை அம்புக்குறி போடுகிறதல்லவா? எங்கள் தெரு இட்லிக்கடை அக்கா அதைத் தெரிந்து வைத்திருக்கிறார். "ரெண்டு அம்பு போட்டிருக்கு, நம்பாத" என்று மருமகளுக்குச் சொல்வதைக் கேட்டேன். மகளிர் உரிமைத் தொகை 2023 செப்டம்பரில் தொடங்கிய சமயம், விட்டுப்போனவர்களுக்கு மறுபடி மனு வாங்குகிறார்கள் என்று நாளுக்கொரு வதந்தி. போனில் பார்த்ததை அப்படியே நம்பி வந்தவர்கள் குறைவு. பெரும்பாலோர் போனை என்னிடம் நீட்டி, "இது நெசமாம்மா?" என்றுதான் கேட்டார்கள். என்னிடம் கேட்ட பிறகு எதிரே ஆபீசிலும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் வீட்டுக்குப் போனார்கள். ஒரு செய்தியை இரண்டு இடத்தில் விசாரிக்கிற இந்தப் பழக்கத்தை எந்தக் கல்லூரியும் அவர்களுக்குச் சொல்லித் தரவில்லை. பெண் பார்க்கப் போகும் வீட்டைப் பற்றி நாலு பேரிடம் விசாரித்த அனுபவம் போதும்.

சரி, அரசு தகவலே போடுவதில்லையா? போடுகிறது, குவியல் குவியலாக. பல அறிவிப்புகள் தாளை ஸ்கேன் பண்ணி ஏற்றிய படங்கள். நம் கண்ணுக்கு எழுத்து; தேடுபொறிக்கு வெறும் போட்டோ. படத்துக்குள் இருக்கும் தமிழை அது எப்போதும் சரியாகப் படிப்பதில்லை. இன்னும் சில வானவில் மாதிரியான பழைய எழுத்துருக்களில் அடித்தவை. அந்த எழுத்துரு இருக்கிற கம்ப்யூட்டரில் தமிழாகத் தெரியும். காப்பி பண்ணி வாட்ஸ்அப்பில் போட்டால் ஆங்கில எழுத்தும் குறியும் கலந்த குப்பையாக விழும். யூனிகோடுதான் தமிழுக்குத் தரம் என்று கோவை செம்மொழி மாநாட்டை ஒட்டி 2010இல் தமிழக அரசே ஆணை போட்டது. அப்பாவிடம் தமிழ் டைப்ரைட்டிங் படித்து வேலைக்குப் போனவர்கள் பலர் இன்று ஓய்வே பெற்றுவிட்டார்கள். அவர்கள் அடித்த எழுத்துரு இன்னும் ஓய்வு பெறவில்லை.

பட்டா பார்க்கும் இணையதளத்தை நான் குறை சொல்ல மாட்டேன். ஒரு காலத்தில் பத்து நாள் அலைந்தால் கிடைத்த காகிதம், இன்றைக்கு உட்கார்ந்த இடத்தில் வருகிறது, பெரிய காரியம். ஆனால் சொந்தமாகப் பார்க்க முயன்றவர்கள் எங்கே நிற்கிறார்கள் என்று தினமும் கவனிக்கிறேன். மாவட்டத்தைத் தேர்ந்தெடுப்பார்கள், வட்டத்தைத் தேர்ந்தெடுப்பார்கள், அடுத்து கிராமம். அங்கே அவர்கள் ஊர்ப் பேர் இருக்காது. ஏனென்றால் அந்தப் பட்டியலில் இருப்பது வருவாய் கிராமத்தின் பெயர். அவர் பிறந்து வளர்ந்து தேர் இழுத்த ஊர், வருவாய்க் கணக்கில் இரண்டு மைல் தள்ளியுள்ள இன்னொரு ஊரின் குக்கிராமம். "எங்க ஊரையே காணோம்மா" என்று போனைக் கொண்டுவந்து வைப்பார்கள். அந்தக் கட்டத்துக்குப் பக்கத்தில், உங்கள் ஊர் எந்த வருவாய் கிராமத்தில் வருகிறது என்று பார்க்க ஒரு வசதி கொடுத்தால், என் கடைக்கு வரும் கூட்டத்தில் ஒரு பங்கு குறையும். எனக்கு நஷ்டம்தான், பரவாயில்லை. அதைத் தாண்டினால் வளைந்து நெளிந்த ஆங்கில எழுத்தைப் பார்த்து அடிக்கச் சொல்லும் கட்டம். அதையும் தாண்டினால் ஓடிபி. பல வேலைகளுக்கு அது ஆதாரில் இருக்கும் நம்பருக்குத்தான் வரும். ஆதாரில் இருப்பது சென்னையிலோ திருப்பூரிலோ இருக்கும் மகனின் நம்பர். அவன் ஷிப்டில் இருப்பான், எடுக்க மாட்டான். நேரம் முடிந்துவிடும். மறுபடி முதலிலிருந்து.

ஓடிபி என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். "ஓடிபியை யாரிடமும் சொல்லாதீர்கள்" என்று பேங்க், போலீஸ், ரேடியோ எல்லாம் ஓதுகின்றன. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவர் வாசலில் நின்று நம்பர் கேட்கிறார். சொன்னால்தான் சிலிண்டர் இறங்கும். இ-சேவையில் உட்கார்ந்திருப்பவர் கேட்கிறார். நானே கேட்கிறேன், வேறு வழியில்லை. யாரிடமும் சொல்லாதே என்று ஒரு பக்கம் உபதேசம், சொன்னால்தான் வேலை நடக்கும் என்று மறுபக்கம் ஏற்பாடு. எதற்கு வந்த ஓடிபியைச் சொல்லலாம், எதற்கு வந்ததைச் சொல்லக் கூடாது என்று பிரித்துச் சொல்லும் நோட்டீஸ் ஒன்றை நான் இன்னும் கண்ணால் பார்க்கவில்லை. அந்த எஸ்.எம்.எஸ்.ஸில் எதற்காக வந்தது என்ற வரி இருக்கத்தான் செய்கிறது. ஆங்கிலத்தில் இருக்கிறது.

2022இல் ஊரெல்லாம் ஒரு மெசேஜ் சுற்றியது. போன மாத பில் பதிவாகவில்லை, இன்றிரவு ஒன்பதரை மணிக்கு உங்கள் கரண்ட் கட் பண்ணப்படும், உடனே இந்த அதிகாரியைக் கூப்பிடுங்கள் என்று ஆங்கிலத்தில். தையல் கடை நடத்தும் ஒரு பெண் அதைப் படிக்க வைத்துக் கேட்டுவிட்டுச் சிரித்துவிட்டார். "நமக்கு ரெண்டு மாசத்துக்கு ஒருக்காதான ரீடிங் எடுப்பாங்க, போன மாச பில்லு எங்கிருந்து வந்துச்சு?" அவ்வளவுதான் விசாரணை, முடிந்தது. மாட்டியவர் ஓய்வுபெற்ற ஓர் அரசு ஊழியர். ஆங்கிலம் சரளமாகப் படிப்பவர். அவரும் கண்ணை மூடிக்கொண்டு போய் விழவில்லை. மெசேஜில் இருந்த நம்பரைச் சந்தேகப்பட்டு, மின்வாரிய கஸ்டமர் கேர் நம்பர் என்று தானே தேடினார். தேடலில் முதலில் வந்த நம்பரும் மோசடிக்காரன் போட்டு வைத்தது. போனின் திரையை அவன் பார்க்கும்படி ஓர் ஆப்பை இறக்கச் சொன்னான், இவர் பத்து ரூபாய் கட்டிப் பார்த்தார், கணக்கு காலி. உடனே சைபர் மோசடிக்கான உதவி எண் 1930க்கு அடித்ததால் ஒரு பகுதி முடக்கப்பட்டது. அவர் செய்த தப்பு என்ன? சந்தேகப்பட்டார், சரிபார்க்கப் போனார். சரிபார்க்கப் போன இடத்தில் சரியான நம்பர் கண்ணில் படும்படி இல்லை. மின்வாரியத்தின் மின்னகம் சேவை மையம் 2021 ஜூனிலேயே தொடங்கிவிட்டது. நம்பர் 94987 94987. ஓர் ஆண்டு கழித்தும் அது அவர் வீட்டு மீட்டர் பெட்டியில் ஒட்டப்படவில்லை, அவர் பரணில் வைத்திருந்த, ரீடிங் குறிக்கும் வெள்ளை அட்டையிலும் இல்லை.

விழிப்புணர்வுக் கூட்டங்களில் இன்னொரு மந்திரம் சொல்கிறார்கள்: முகவரியின் கடைசியில் 'கவ் டாட் இன்' என்று இருந்தால் அரசுத் தளம், இல்லையென்றால் போலி. என்னிடம் கரண்ட் பில் கட்ட வருகிறவர்களிடம் இதைச் சொல்ல முடியாமல் தவிக்கிறேன். ஏனென்றால் மின் கட்டணம் கட்டும் அதிகாரப்பூர்வத் தளமே 'டாட் ஓஆர்ஜி' என்றுதான் முடிகிறது. மந்திரத்தை நம்பினால் உண்மையான தளத்தை விட்டு ஓட வேண்டும். பேங்க் விஷயத்தில் ரிசர்வ் வங்கி இதை உணர்ந்தது. எல்லா வங்கிகளும் 2025 அக்டோபர் 31க்குள் 'பேங்க் டாட் இன்' என்று முடியும் முகவரிக்கு மாற வேண்டும் என்று உத்தரவு போட்டது. மக்களுக்குப் பாடம் எடுப்பதற்கு முன்னால் முகவரியைச் சீர்படுத்த வேண்டும் என்று ஒரு பெரிய அமைப்புக்குத் தோன்றியது நல்ல சகுனம். மற்றவர்களுக்கும் தோன்ற வேண்டும்.

படிப்பில்லாததால் ஏமாறுகிறார்கள் என்ற பேச்சை நான் ஒப்புவதில்லை என்பதற்கு மின்வாரியக் கதை ஒன்று போதும். இதைவிடக் கொடியதும் நடந்திருக்கிறது. 2018 ஜூலையில் திருப்பூரில், யூடியூபைப் பார்த்து வீட்டிலேயே பிரசவம் பார்க்க முயன்று ஓர் இளம் தாய் இறந்துபோனார். அது படித்தவர்கள் வீடு. பச்சிலை வைத்தியமும் சுகர் மாத்திரையை நிறுத்தும் ஆலோசனையும் இன்றைக்கும் அதே மேடையில், அதே கம்பீரக் குரலில் ஓடிக்கொண்டிருக்கின்றன. அரசாங்கத்தின் 104 மருத்துவ உதவி எண்ணில் கூப்பிட்டால் ஆள் பேசுகிறார், தமிழில் பேசுகிறார், காசு கேட்பதில்லை. என் பெஞ்சில் அந்த நம்பரைத் தெரிந்தவர்கள் 108ஐத் தெரிந்தவர்களோடு ஒப்பிட்டால் சொற்பம். 108 ஊரெல்லாம் ஓடும் வண்டியில் எழுதியிருக்கிறது. 104 எழுதுவதற்கு வண்டி இல்லை.

இப்போது புதிதாக, கேட்டால் தானே பதில் எழுதும் செயற்கை நுண்ணறிவு வந்திருக்கிறது. 2024 ஜூனில் கூகுளின் ஜெமினி செயலி தமிழிலும் பேச ஆரம்பித்தது. எங்கள் ஜனத்துக்கு இது ரொம்பப் பிடித்துவிட்டது. மைக்கில் முழுக் கேள்வியாகக் கேட்டால் முழு பதில் வருகிறது, மரியாதையாக வருகிறது, சப்ஸ்கிரைப் பண்ணச் சொல்வதில்லை. நானும் மனு வாசகம் திருத்த இப்படிப்பட்ட செயலிகளைப் பயன்படுத்துகிறேன். ஆனால் சான்றிதழுக்கு என்ன கட்டணம், எந்த ஆபீஸ், என்ன பத்திரம் என்று கேட்கும்போது, வெங்காயக்காரர்களின் அளவுகோலைத்தான் எடுக்க வேண்டியிருக்கிறது. யார் சொன்னது? எப்போதைய நிலவரம்? தப்பாகப் போனால் யார் சட்டையைப் பிடிப்பது? தவிர, அந்தச் செயலியும் இணையத்தில் எழுத்தாக இருப்பதைப் படித்துத்தான் சொல்கிறது. நாம் படமாகப் பூட்டி வைத்ததை அது எங்கிருந்து எடுக்கும்? நாலு யூடியூபர் எழுதி வைத்த விவரணையைத்தான் தேன் தடவித் தரும்.

அரசால் முடியாது என்று யாரும் சொல்ல வேண்டாம். 2023 மார்ச்சில், வடமாநிலத் தொழிலாளர்களைத் தமிழ்நாட்டில் அடித்துக் கொல்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவின. திருப்பூரிலிருந்து ஜனம் ரயிலேறத் தொடங்கியது. அப்போது டி.ஜி.பி.யாக இருந்த சைலேந்திர பாபு வீடியோ வெளியிட்டு மறுத்தார். இந்தி பேசும் ஆட்களை வைத்து உதவி எண்கள் திறந்தார்கள். அதிகாரிகள் தொழிலாளர்கள் இருக்கும் இடத்துக்கே போய், அவர்கள் மொழியில் பேசினார்கள். யார் சொல்கிறார், என்றைக்குச் சொல்கிறார், யாரிடம் கேட்கலாம் என்பது மூன்றும் அதில் இருந்தன. பொய் அடங்கியது. பிறகு அதே ஆண்டில் தகவல் சரிபார்ப்பகம் ஒன்றையும் அரசு அமைத்தது. பீகாரிலிருந்து வந்தவருக்கு அவர் மொழியில், அவர் புரிந்துகொள்ளும் விதத்தில் பதில் சொல்ல முடிந்த நிர்வாகத்துக்கு, வாரிசுச் சான்று கேட்கும் தமிழச்சிக்குத் தமிழில் நாலு வரி சொல்ல முடியாதா? பொய்யை மறுக்க ஒரு பிரிவு இருப்பது நல்லது. உண்மையை முதலிலேயே ஒழுங்காகச் சொல்லியிருந்தால் மறுக்க வேண்டிய பொய் பாதி குறைந்திருக்கும் என்பது என் கட்சி.

இதற்குப் பெரிய திட்டம், பெரிய ஆப், கோடிக்கணக்கில் டெண்டர் எதுவும் வேண்டாம். புது ஆப் என்று தயவுசெய்து ஆரம்பிக்காதீர்கள். போனில் இடமில்லை என்று ஏற்கெனவே பேரன் பிறந்தநாள் வீடியோவை அழித்துக்கொண்டிருக்கிறார்கள். ஒவ்வொரு அறிவிப்பையும் படமாக ஏற்றுவதோடு யூனிகோடு எழுத்திலும் போடுங்கள். உச்சியில் நாள், மாதம், ஆண்டு. அடியில் எந்த அதிகாரி, எந்த நம்பர். காலாவதியான அறிவிப்பை அப்படியே தொங்கவிடாமல் 'இது முடிந்துவிட்டது' என்று ஒரு வரி சேருங்கள். பத்திரிகைகளுக்கும் டிவிக்காரர்களுக்கும் அதே வேண்டுகோள்: நீங்கள் சமூக ஊடகத்துக்குப் போடும் கார்டுகளில் 'இன்று' என்று எழுதும் இடத்தில் தேதியை எழுதுங்கள். அந்தக் கார்டு அடுத்த வருஷமும் சுற்றும் என்று உங்களுக்கே தெரியும்.

தாலுகா ஆபீசுக்கு வெள்ளையடிக்கும்போது, உள்ளே பணிபுரிந்த தாசில்தார்களின் பெயர்ப் பட்டியலைப் புதுப்பிக்கும் அதே பெயிண்டரை வைத்து, வெளிச்சுவரில் அந்த ஆபீசின் நம்பரையும் இணைய முகவரியையும் எழுதச் சொல்லுங்கள். ரேஷன் கடை வாசலில் அதன் உதவி எண் 1967ஐ எழுதுங்கள். மீட்டர் பெட்டியில் மின்னகம் நம்பரை ஒட்டுங்கள். பேங்க் பாஸ்புக்கின் முதல் பக்கத்தில் கஸ்டமர் கேர் நம்பரோடு 1930ஐயும், கண்ணாடி போடாமல் படிக்கிற அளவில், தமிழில் அச்சடியுங்கள். அதைப் போட்டோ எடுத்து ஊர் முழுக்க அனுப்புகிற வேலையை எங்கள் ஜனம் பார்த்துக்கொள்ளும்.